ஆயில் பிரஷர் கேஜ் மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா? எஸ்டீமில் இரண்டையும் மாட்டிப் பார்த்த அனுபவம்

மாருதி எஸ்டீமின் டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கென்று இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். இந்த வகை விளக்குகளின் சுவிட்ச், பிரஷர் ஏறக்குறைய 5 பவுண்டுக்குக் கீழே விழுந்தால்தான் வேலை செய்யும். (பிஎஸ்ஐ என்பதைப் பட்டறையில் பவுண்டு என்றே சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) ஊருக்குள் ஓடுகிற காருக்கு அது போதும். 5500 ஆர்பிஎம்மில் வளைவெடுக்கிற காருக்குப் போதாது. அந்தச் சுழற்சியில் பிரஷர் 5 பவுண்டுக்கு வந்து விளக்கு எரியும்போது கிராங்க் பேரிங்கில் ஆயில் படலம் போயிருக்கும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதில் பாதிக்கு இறங்கினாலே ஓட்டுபவர் காலை எடுத்துவிட வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டும். தெரிவதற்கு, அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜ் வேண்டும்.

என்னுடையது 1999இல் வந்த மாற்றத்துக்குப் பிறகான எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். எடை குறைவு, எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதனால்தான் நம் ஊர் ரேஸ்களிலும் ராலிகளிலும் பல வருடம் இந்தக் கார் ஓடியது. நான் ஓட்டுவது கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய கரிவரதன் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் டிராக். வளைவுகள் அடுத்தடுத்து வரும். சம்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள தொட்டியில், இருக்கிற ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குவதும், அதைப் பம்ப்புக்கு இழுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

எந்தக் கேஜ் போடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. மூத்த மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு மெக்கானிக்கல் என்றார்கள். "ஆயிலே நேரா வந்து முள்ளைத் தள்ளுது, அதுல என்னங்க பொய் இருக்கப் போவுது" என்பது அவர்கள் வாதம். ரேஸ் கார் கட்டுகிற இளைஞர்கள், கேபினுக்குள் சூடான ஆயிலைக் கொண்டுவருவதே கூடாது என்றார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. சரி, ஒரே எஞ்சினில், ஒரே ஆயில் துளையிலிருந்து, ஒரு மெக்கானிக்கலும் இரண்டு வகை எலக்ட்ரிக்குமாக மூன்று கேஜை ஒன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மெக்கானிக்கல் கேஜுக்குள் இருப்பது பூர்தோன் குழாய். 1849இல் பிரான்சில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு இன்னும் மாறவில்லை. வளைத்துவிட்ட தட்டையான பித்தளைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். திருவிழாக் கடையில் வாங்கி ஊதினால் சுருள் விரியுமே, அந்தப் பீப்பி மாதிரி. அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். முள் 270 டிகிரி சுற்றும். டிராக்டரிலும் டீசல் ஜெனரேட்டரிலும் இருக்கும் ஆயில் மீட்டர் பெரும்பாலும் இதுதான். மின்சாரமே தேவையில்லை.

எலக்ட்ரிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று சாதி இருக்கிறது. கடையில் வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கினால் பணம் வீண். முதலாவது, வெப்பத்தகடு வகை. இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி ஹீட்டர் கம்பி. சென்சார் விடுகிற மின்னோட்டம் கம்பியைச் சூடாக்க, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். சூடேற நேரம் வேண்டுமே, அதனால் முள் ஆடி அசைந்துதான் வரும். பேட்டரி வோல்ட் மாறினால் காட்டுவதும் மாறும் என்பதால் பழைய பிரிட்டிஷ் கார்களில் இதற்கென்றே 10 வோல்ட் ஸ்டெபிலைசர் வைத்தார்கள். இரண்டாவது, குறுக்குச் சுருள் வகை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த சுருள்களுக்கு நடுவே காந்தம் பொருத்திய முள். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் சுருள்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாதிப்பதால் முள் பெரிதாக மாறாது. மூன்றாவது, சிறு சிறு படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் வகை. மூன்று வயர் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பிக் கொடுக்கும். உள்ளே இருக்கிற சிப் அதைப் படித்து முள்ளை 270 டிகிரிக்கும் ஓட்டும். விலையிலும் இந்த வரிசைதான்.

முள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். மலிவான எலக்ட்ரிக் கேஜில் 0 முதல் 100 பவுண்டு வரை வெறும் 90 டிகிரிக்குள் அடக்கியிருப்பார்கள். அப்படியானால் 10 பவுண்டு மாற்றத்துக்கு முள் 9 டிகிரி நகரும். 270 டிகிரி கேஜில் அதே 10 பவுண்டுக்கு 27 டிகிரி. உடம்பெல்லாம் அதிர, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அரை நொடி பார்க்கிற கண்ணுக்கு 9 டிகிரி தெரியவே தெரியாது.

காரில் மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதித்தேன். கம்ப்ரஸர் டேங்க், ரெகுலேட்டர், ஒரு அலுமினியக் கட்டையில் நான்கு துளை. மூன்றில் மெக்கானிக்கல், வெப்பத்தகடு, ஸ்டெப்பர். நான்காவதில் பம்ப் கம்பெனியில் வேலை செய்யும் நண்பர் கொண்டுவந்த, காலிபரேஷன் சான்றிதழ் உள்ள டெஸ்ட் கேஜ். பம்ப் செய்கிற ஊரில் நல்ல பிரஷர் கேஜ் இரவல் வாங்குவது கஷ்டமில்லை. மீட்டர் விஷயத்திலும் கோவைக்கு அனுபவம் உண்டு. 1975இல் பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கிய பிரிக்கால், டேஷ்போர்டு கருவிகளுக்காகவே பெயர் பெற்றது.

டெஸ்ட் கேஜ் 20 காட்டியபோது மெக்கானிக்கலும் 20. ஸ்டெப்பர் 21. வெப்பத்தகடு 25ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 60இல் முதல் இரண்டும் 60, வெப்பத்தகடு 55. அப்புறம் வால்வைத் திறந்து காற்றைச் சட்டென்று வெளியேற்றினேன். மெக்கானிக்கலும் ஸ்டெப்பரும் காற்றோடு சேர்ந்து விழுந்தன. வெப்பத்தகட்டு முள், டேங்க் காலியான பிறகும் நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அதை அப்போதே தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் பலர் காரில் இருப்பது அதுதான் என்பதால் டிராக்கிலும் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இனி எஞ்சின். ஆயில் பில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றினால் அந்தத் துளையிலிருந்து பிரஷரை எடுக்கலாம். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ஜப்பானிய எஞ்சின்களில் இந்தத் துளையின் மரை 1/8 பிடி. அதாவது பிரிட்டிஷ் டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28 புரி, 55 டிகிரி கோணம். வெளியில் விற்கும் கேஜ்களின் நிப்பிள் பெரும்பாலும் 1/8 என்பிடி. அமெரிக்க மரை, 27 புரி, 60 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் சுற்றினால் முதல் ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும். அதற்கு மேல் இறுகுவது மரை பிடித்ததால் அல்ல, மரை கெடுவதால். துளை இருப்பது எஞ்சின் பிளாக்கில் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு, கழற்றிய சுவிட்சையும் புது நிப்பிளையும் கொண்டுபோனேன். பெரியவர் பிட்ச் கேஜை (மரையின் இடைவெளியைப் பார்க்கும் பல் தகடு) எடுத்து முதலில் சுவிட்சின் மேல் வைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளியே இல்லை. அதே பல்லை நிப்பிளில் வைத்ததும் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, இது வேற மரைங்க. டேப் சுத்தி முறுக்குனா இன்னிக்கு நிக்கும், சூடு ஏறுனா ஒழுகும்."

"அடாப்டர் கடைஞ்சு குடுத்துருங்கண்ணா. ஒரு பக்கம் இந்த மரை, இன்னொரு பக்கம் ஹோஸுக்கு."

"பித்தளை வேண்டாம், ஸ்டீல்லயே போட்டுக் குடுக்கறேன்."

அவர் ஸ்டீல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பலர் பிளாக்கிலேயே ஒரு பித்தளை டீ ஜாயின்ட்டைச் செருகி, அதன் ஒரு கையில் சென்சாரையும் மறு கையில் சுவிட்சையும் தொங்கவிடுகிறார்கள். வட்டமாகக் கனமாக இருக்குமே, அந்த மாதிரி சென்சார் எஞ்சின் அதிர்வில் ஆடி ஆடி, 1/8 அங்குல நிப்பிளின் கழுத்தில் விரிசல் விடும். உடைந்தால் எஞ்சின் தன் ஆயிலைத் தானே பம்ப் செய்து வெளியே, சூடான எக்ஸாஸ்ட் மேல்கூட, கொட்டிவிடும். நெருப்புக்கு அது போதும். ஆகவே பிளாக்கில் அடாப்டர் மட்டும். அதிலிருந்து கம்பி வலை பின்னிய ஏஎன்-4 (கால் அங்குல அளவு) ஹோஸ். ஹோஸின் மறுமுனை, பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு அலுமினியக் கட்டை. சென்சார்கள் எல்லாம் கட்டையில்தான். தொழிற்சாலையிலிருந்தே காரோடு வந்த சுவிட்சுக்கும் அங்கேயே ஒரு துளை கொடுத்தேன். அந்த விளக்கை ஒருபோதும் எடுக்கக்கூடாது.

மெக்கானிக்கல் கேஜுடன் பெட்டியில் வந்த நைலான் குழாயை அப்படியே ஓரம் வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்தால் உருகும், கிளிப்பில் உரசினால் தேயும். அது போகிற பாதை ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே. 100 டிகிரிக்கு மேல் சூடான ஆயில் 50 பவுண்டு அழுத்தத்தில் காலில் பீய்ச்சினால், அந்த நேரத்தில் பிரேக்கும் வழுக்கும். கேபினுக்குள் ஆயில் வரத்தான் வேண்டுமென்றால் கம்பி வலை ஹோஸ் போடுங்கள். கேபினுக்குள் நுழையும் தகட்டில் ஹோஸை நேராகத் துளைக்குள் விடாமல், இரண்டு பக்கமும் நட் இறுக்கும் ஃபிட்டிங் போடுங்கள். எஞ்சின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் வையுங்கள். கேஜுக்குள் ஆயில் ஓடப்போவதில்லை, அழுத்தம் மட்டும்தான் போக வேண்டும். சின்னத் துளை அதற்குப் போதும். முள் நடுக்கம் குறையும். எங்காவது விட்டுப்போனாலும் ஆயில் பீய்ச்சாமல் கசியும், நிறுத்துவதற்கு நேரம் கிடைக்கும்.

எலக்ட்ரிக் பக்கம் தலைவலி முழுக்க எர்த்தில். ஒரு வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். எஞ்சினில் நேராக மாட்டினால் தானாகக் கிடைக்கும். நான் வைத்த மாதிரி தனிக் கட்டையில் என்றால் பெயின்ட்டைச் சுரண்டி, கட்டையிலிருந்து தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அதுவே எர்த்தைக் கெடுக்கலாம். டேப்பின் துணுக்கு உள்ளே போனால் ஆயில் வழியை அடைக்கும் அபாயமும் உண்டு. நான் திரவ சீலன்ட், முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு, மெலிதாகத் தடவினேன். ஒரு வயர் சென்சார் வாங்குகிறவர்கள் கேஜையும் சென்சாரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஐரோப்பிய சென்சார் அழுத்தம் ஏற ஏற 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க வகை 240இலிருந்து 33 ஓமுக்கு இறங்கும். மாற்றி இணைத்தால் முள் தலைகீழாக ஓடும்.

ஸ்டெப்பர் கேஜில் ஒரு விசித்திரம் வந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் 3 பவுண்டு அதிகம் காட்டியது, பக்கத்தில் மெக்கானிக்கல் அசையவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையைக் கேஜ் எர்த்திலும், பிறகு சென்சார் எர்த்திலும் வைத்துப் பார்த்தேன். ஃபேன் ஓடும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் வித்தியாசம். 0.5 முதல் 4.5 வரையிலான 4 வோல்ட்டில் 100 பவுண்டை அளக்கிற கருவிக்கு 0.12 வோல்ட் என்றால் 3 பவுண்டு. கணக்கு அப்படியே பொருந்தியது. சென்சார் எர்த்தையும் கேஜ் எர்த்தையும் ஒரே போல்ட்டில் சேர்த்துக் கட்டியதும் சரியானது. பக்கத்தில் மெக்கானிக்கல் இல்லாமல் போயிருந்தால் இந்த 3 பவுண்டை எஞ்சினின் குணம் என்றே நம்பியிருப்போம்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மெக்கானிக்கல் முள் எகிறி 60க்கு மேல் நிற்கும். ஸ்டெப்பரும் கூடவே. வெப்பத்தகடு, நான் பெல்ட் போட்டு முடிக்கிற வரை ஏறிக்கொண்டிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 16, 4000 ஆர்பிஎம்மில் 52. இந்த மாதிரி நிலையான நேரத்தில் மூன்று கேஜும் ஓரளவு ஒத்துப்போகும். கடையில் கேஜைப் பார்த்து வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான்.

டிராக்கில் மூன்று கேஜையும் பார்த்தபடி போனைக் கட்டி வைத்து வீடியோ எடுத்தேன். ஓட்டும்போது எதையும் பார்க்க நேரமில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீளமாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டிய ஒரு வளைவு. உள்ளே நுழையும்போது மெக்கானிக்கல் 55. வளைவின் பாதியில் முள் லேசாக நடுங்கியது. அடுத்து 48, 40, சட்டென்று 28. ஸ்டீரிங் நேரானதும் மறுபடி 55க்குப் போய் உட்கார்ந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள். ஸ்டெப்பர் ஏறக்குறைய ஒட்டியே போனது. 30 வரை இறங்கி ஏறியது. வெப்பத்தகடு கேஜ் அந்த வளைவு முழுக்க 50இல் அசையாமல் நின்றது. தொழிற்சாலை விளக்கும் எரியவில்லை. பிக்கப் காற்றை உறிஞ்சுகிற ஒரு எஞ்சினை, அந்த இரண்டையும் மட்டும் நம்பி ஒருவர் சீசன் முழுக்க ஓட்டியிருப்பார். பேரிங் போன பிறகு ஆயிலைக் குறை சொல்லியிருப்பார்.

கேபினுக்குள் நான் நிரந்தரமாக வைத்தது ஸ்டெப்பர் கேஜ். மெக்கானிக்கல் துல்லியத்தில் தோற்கவில்லை, அதைக் கழற்றியதற்குக் காரணம் ஆயில் ஹோஸ் மட்டும்தான். ஸ்டெப்பரில் அதே வேகம், அதே 270 டிகிரி, உள்ளே வருவது வயர் மட்டும். ஆனால் பட்ஜெட் கையைக் கடித்தால், மலிவான எலக்ட்ரிக்கை விட நல்ல ஹோஸ் போட்ட மெக்கானிக்கல் ஆயிரம் மடங்கு மேல் என்பேன். தாமதமாகக் காட்டுகிற கேஜ் ஓட்டுபவருக்குத் தைரியத்தை மட்டும் கொடுக்கிறது. எஞ்சினுக்கு அது நல்லதல்ல. மின்சாரம் நம்ப முடியாத பழைய கார்களுக்கும் மெக்கானிக்கல்தான் சரி.

கேஜைவிட முக்கியமான இன்னொன்றையும் அதே கட்டையில் மாட்டினேன். 20 பவுண்டில் வேலை செய்யும் தனி பிரஷர் சுவிட்ச், அதற்கு ஸ்டீரிங்குக்கு நேர் மேலே பெரிய சிவப்பு எல்ஈடி. வளைவில் கண் டிராக்கில் இருக்கும், முள்ளில் இருக்காது. விளக்கு என்றால் கண்ணின் ஓரத்திலேயே பட்டுவிடும். சூடான ஐடிலில் 16 பவுண்டு என்பதால் பிட்டில் (டிராக் ஓரம் காரை நிறுத்தும் இடம்) நிற்கும்போது எரியத்தான் செய்யும். எரியட்டும், பல்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தண்ணீர் சூட்டுக்கு வருவோம். இங்கே வேகம் ஒரு பிரச்சினையே இல்லை; கூலன்ட் வெப்பம் நொடியில் மாறாது. மெக்கானிக்கல் வகையில் ஈதர் போன்ற, சுலபமாக ஆவியாகும் திரவம் நிரப்பிய குமிழ், அதிலிருந்து கேஜ் வரை மெல்லிய செம்புக் குழாய், எல்லாம் ஒரே துண்டாக மூடி முத்திரையிட்டது. வெட்டவோ நீட்டவோ முடியாது. ஒரு இடத்தில் மடங்கினால் கேஜே போச்சு. குமிழும் அதன் நட்டும் நுழையும் அளவுக்குக் கேபின் தகட்டில் பெரிய துளை போட வேண்டும். எஞ்சினை இறக்கும்போதெல்லாம் குமிழைக் கழற்றிப் பத்திரமாகச் சுருட்டி வைக்க வேண்டும். அடிக்கடி எஞ்சினை இறக்குகிற காருக்கு இது ஆகாது. எலக்ட்ரிக் சென்சார் போட்டேன், மறுயோசனை இல்லாமல்.

இரண்டு வகை டெம்பரேச்சர் கேஜையும் ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதித்தேன். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் தண்ணீர் 98.5 டிகிரி செல்சியஸ் பக்கமே கொதிக்கும்; கேஜ் 100 காட்டவில்லை என்று கவலைப்பட வேண்டாம். சென்சாரை ரேடியேட்டரின் மேல் ஹோஸில் அடாப்டர் போட்டு மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அடாப்டருக்கு எர்த்தே இருக்காது. தனி வயர் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டு வயர் சென்சார் வாங்க வேண்டும். இன்னொன்று, எந்த வகைக் கேஜாக இருந்தாலும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் எல்லாம் போய்விட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்க முள் கீழே இறங்கும். டிராக்கில் சூடு திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாமல் உடனே நிறுத்துங்கள்.

தொழிற்சாலைக் கேஜ்களை இந்த வேலைக்கு நம்ப முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளை நடுவில் ஒரு பெரிய இடைவெளிக்கு அசையாமல் நிற்கும்படியே செய்கிறார்கள், சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வாடிக்கையாளர் பதறக்கூடாது என்று. மஸ்தா மியாட்டாவில் முதலில் உண்மையான ஆயில் பிரஷர் கேஜ் இருந்தது. 1990களின் நடுவில் அதை வெறும் சுவிட்ச் சொல்கிறபடி நடுவில் நிற்கிற முள்ளாக மாற்றிவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் காரிலேயே அப்படி.

பெட்ரோல் பிரஷரில் விவாதத்துக்கே இடமில்லை. மெக்கானிக்கல் கேஜைக் கேபினுக்குள் வைத்தால் பெட்ரோலும் கேபினுக்குள் வரும். ஒருபோதும் கூடாது. உள்ளே பார்த்தே ஆக வேண்டுமென்றால் எலக்ட்ரிக், அல்லது நடுவில் சவ்வு வைத்து மறுபக்கம் கூலன்ட் நிரப்பும் ஐசோலேட்டர். டியூனிங் நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்பதால், நான் எஞ்சின் ரூமில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூவல் ரயிலிலேயே கிளிசரின் நிரப்பிய சின்ன மெக்கானிக்கல் கேஜ் வைத்தேன். கிளிசரின் முள்ளின் அதிர்வை அடக்கும். ஆனால் சூட்டில் மூடிய டப்பாவுக்குள் அழுத்தம் கூடி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மேலே இருக்கும் ரப்பர் மூடியை ஒரு நொடி தூக்கி விட்டால் முள் தன் இடத்துக்கு வரும்.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜ் மெக்கானிக்கலே நல்லது. குழாய்க்குள் வருவது காற்று மட்டும். விட்டுப்போனாலும் யாருக்கும் காயமில்லை, விலையும் குறைவு. ஆம்மீட்டர் வேண்டவே வேண்டாம். பழைய ஜீப்பில் இருந்ததே என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தவிர, காரின் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும், அந்தத் தடித்த வயர் எங்காவது உரசினால் தீ. வோல்ட்மீட்டர் போதும், ஓடும்போது 14 பக்கம் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம்.

வீடியோவில் பார்த்த அந்த 28க்கு வைத்தியம் கேஜில் இல்லை, சம்பில்தான். சம்பைக் கழற்றி, பிக்கப் குழாயைச் சுற்றி நான்கு பக்கமும் தடுப்புத் தகடு வெல்டிங் செய்தேன். ஆயில் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓடக்கூடாது என்று ஒருபக்கம் மட்டும் திறக்கும் கீல் கதவு இரண்டு பக்கத்தில். வெல்டிங் துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவி, மாட்டுவதற்கு முன் பிக்கப்புக்கும் சம்பின் அடிக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை என்று களிமண் வைத்து அளந்துகொண்டேன். ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை. அதே வளைவில் இப்போது முள் 55இலிருந்து 47 வரைதான் இறங்குகிறது, சிவப்பு விளக்கு பிட்டுக்கு வந்து ஐடிலில் நிற்கும்போது மட்டும் எரிகிறது.

மெக்கானிக்கல் கேஜ், அதன் ஹோஸ், லேத்தில் கடைந்த இன்னொரு அடாப்டர் மூன்றும் இப்போது டூல் பாக்ஸில். ஸ்டெப்பர் எதையாவது வித்தியாசமாகக் காட்டினால் பானெட்டைத் திறந்து, கட்டையில் மீதமிருக்கும் துளையில் அதை மாட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சம்பில் கை வைப்பேன். அடுத்து ஆயில் டெம்பரேச்சர். சென்சாரைச் சம்பின் டிரெயின் போல்ட்டில் வைத்தால் தரையில் தட்டும், பில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் போட்டால் பில்டர் இறங்கி வரும். பிளேட் வாங்குகிறவர்கள் பில்டர் மரையையும் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். 3/4 அங்குல 16 புரியும், 20 மில்லிமீட்டர் 1.5 பிட்சும் பக்கத்தில் வைத்தால்கூட அடையாளம் தெரியாது.